கடைசியில் வரும் பணம்: வியாசர்பாடி மசாலாப் பொடிக் குழு ஒன்றின் மானிய விண்ணப்பம்

வியாசர்பாடியில் பன்னிரண்டு பெண்களைக் கொண்ட மகளிர் சுய உதவிக் குழு ஒன்று, மசாலாப் பொடி அரைக்கும் சிறு கூடம் அமைப்பதற்காக அரசு மானியத்துக்கு இருமுறை விண்ணப்பித்தது. 2021 நவம்பரில் அளித்த முதல் விண்ணப்பம் ஐந்து மாதங்கள் கழித்து வங்கியிலிருந்து திரும்பி வந்தது. 2023 பிப்ரவரியில் அளித்த இரண்டாவது விண்ணப்பத்துக்கு ஜூன் மாதம் கடன் ஒப்பளிப்பு கிடைத்தது. இரண்டும் ஒரே திட்டத்தின்கீழ், ஒரே தொழிலுக்காக, அதே பெண்கள் அளித்தவை. இரண்டாவது விண்ணப்பத்தின் கணக்கு வேலையில் உடனிருந்தவன் என்ற முறையில், இடையில் என்ன மாறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குழுவின் விருப்பப்படி அதன் பெயரையும் உறுப்பினர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். கோயில் பணிக்கும் ஊர்ப் பணிக்குமாக வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை நம் முன்னோர் மானிய நிலம் என்றனர். பெற்றவர் திருப்பித் தர வேண்டாத ஒன்று என்ற பொருள் அன்றிலிருந்து அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய தொழில் மானியத்தையும் திருப்பித் தர வேண்டியதில்லைதான்; ஆனால் அது முதலில் கைக்கு வரும் பணம் அன்று. கடன் வாங்கி, இயந்திரம் நிறுவி, தவணை கட்டத் தொடங்கிய பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கணக்கில் சேரும் பணம். இந்தக் குழுவின் முதல் விண்ணப்பம் தோற்றதற்கும் இரண்டாவது வென்றதற்கும் நடுவே இருந்தது, பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட காலமே என்று கருதுகிறேன்.

திட்டம் எது?

குழு விண்ணப்பித்தது, ஒன்றிய அரசு 2020 ஜூன் மாதம் தொடங்கிய, பிரதம மந்திரி குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டத்தின்கீழ். 10,000 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான இத்திட்டத்தின் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் ஏற்கின்றன. திட்ட மதிப்பில் 35 விழுக்காடு கடனோடு இணைந்த மானியமாகக் கிடைக்கும். தனிநபர் நிறுவனத்துக்கு அதன் உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். விண்ணப்பதாரர் குறைந்தது 10 விழுக்காட்டைச் சொந்தப் பங்காகப் போட வேண்டும். மீதி முழுவதும் முதலில் வங்கிக் கடன்; மானியம் பின்னர் அந்தக் கடனில் கழியும். இதைத் தவிர, உணவு பதப்படுத்தும் வேலையில் ஈடுபட்டுள்ள சுய உதவிக் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனமும் உண்டு. அது குழுக்களின் கூட்டமைப்புக்கு மானியமாக வந்து, அங்கிருந்து உறுப்பினருக்குக் கடனாகச் செல்லும். உறுப்பினர் அதைக் கூட்டமைப்புக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும்.

வேறு வழிகளும் இருந்தன. பிரதம மந்திரியின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நகர்ப்புறப் பெண் ஒருவருக்கு 25 விழுக்காடு மானியம் கிடைக்கும். சொந்தப் பங்கு 5 விழுக்காடு போதும். மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான திட்டத்திலும் 25 விழுக்காடு உண்டு. ஆனால் அவ்வழியில் சென்றிருந்தால் கூடம் ஒரு பெண்ணின் பெயரில் நின்றிருக்கும். கூட்டாக வாழ வேண்டிய தொழிலை ஒருவர் பெயரில் எழுதிவைப்பதால் பின்னாளில் வரும் பிணக்குகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால், குழுவின் பெயரிலேயே செல்வது என்ற அவர்களின் முடிவைச் சரியென்றே எண்ணுகிறேன்.

பதினெட்டு லட்சத்தின் கதை

இப்பெண்கள் பொடித் தொழிலை 2019-இல் தொடங்கினர். கொத்தவால் சாவடியில் மிளகாயும் தனியாவும் வாங்கி, வீட்டில் வறுத்து, தெருமுனை மில்லில் அரைத்து, சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி என்று சிறு பொட்டலங்களாகக் கட்டினர். 2020-இல் ஊரடங்கு வந்தபோது பெரம்பூர், கொளத்தூர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து ஆர்டர்கள் வரத் தொடங்கின. அந்த ஆண்டே ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் கிடைக்கும் அடிப்படை உணவுப் பாதுகாப்புப் பதிவை எடுத்துவிட்டார்கள். அப்போது பெரிதாகத் தோன்றாத அந்தத் தாள் பின்னால் மிகவும் உதவியது.

முதல் விண்ணப்பத்துக்கான திட்ட அறிக்கையை அவர்கள் எழுதவில்லை. இடைத்தரகர் ஒருவர் 15,000 ரூபாய் பெற்றுக்கொண்டு ஆயத்தமாக வைத்திருந்த ஓர் அறிக்கையில் குழுவின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. விண்ணப்பதாரருக்குத் திட்ட அறிக்கை தயாரிப்பது முதல் வங்கிக் கடன் பெறுவது வரை உதவுவதற்கென்றே இத்திட்டத்தில் மாவட்ட வள நபர்கள் அமர்த்தப்படுகிறார்கள். ஒப்பளிப்புப் பெறும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 20,000 ரூபாய் என்ற அளவில் அவர்களுக்கான ஊதியம் திட்ட நிதியிலிருந்தே வழங்கப்படுகிறது. பணம் கொடுக்காமல் கிடைக்கும் உதவிக்கு, அது இருப்பதே தெரியாததால், குழுவில் பொடி வேலை செய்யும் ஏழு பெண்கள் தங்கள் ஒரு மாத மொத்தக் கூலிக்குச் சற்றுக் குறைந்த தொகையைக் கொடுத்திருந்தார்கள்.

அந்த அறிக்கையின் திட்ட மதிப்பு 18 லட்சம் ரூபாய். மானியம் விழுக்காட்டில் வருவதால், மதிப்பைப் பெரிதாக்கினால் மானியமும் பெரிதாகும் என்பது தரகரின் கணக்கு: 35 விழுக்காட்டில் 6,30,000 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டவுடன் குழுவில் எல்லோருக்கும் நம்பிக்கை பிறந்தது. மறுபக்கத்தை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. சொந்தப் பங்கு 1,80,000 ரூபாய். கடன் 16,20,000 ரூபாய். வட்டி 11 விழுக்காடு, தவணைக் காலம் ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால், மானியம் வந்து சேரும் வரை மாதத் தவணை ஏறத்தாழ 35,200 ரூபாய். மானியத் தொகையைக் கழித்த பிறகும் 21,500 ரூபாய். அப்போது குழுவின் சராசரி மாத விற்பனையே 62,000 ரூபாய்தான். மூலப்பொருள், அரவைக் கூலி, பொட்டலம், ஆட்டோ வாடகை எல்லாம் போக எஞ்சியது 19,000 ரூபாய். வேலை செய்யும் ஏழு பேருக்கும் பங்கிட்டால் தலைக்கு 2,700 ரூபாய் அளவில் வரும் அந்தத் தொகைதான் அவர்களின் முழு வருமானம். விண்ணப்பம் அன்று நிறைவேறியிருந்தால், கூலியே எடுத்துக்கொள்ளாமல் உழைத்தாலும் தவணை கட்ட முடிந்திருக்காது. திருப்பி அனுப்பிய வங்கியின் மீது அவர்களுக்கு மனத்தாங்கல் இருந்தது. எனக்கோ, அந்த மறுப்பு அவர்களைக் காப்பாற்றியது என்றே படுகிறது.

மறுப்புக் கடிதத்தில் மூன்று காரணங்கள் இருந்தன: திருப்பிச் செலுத்தும் திறன் நிறுவப்படவில்லை, தொழில் நடத்தும் இடத்துக்கான ஆவணம் போதாது, உறுப்பினர்களின் அனுபவத்துக்குச் சான்று இல்லை. கடிதத்தில் எழுதப்படாத நான்காவது ஒன்றும் இருந்தது. கள ஆய்வுக்கு வந்த அலுவலரிடம், பன்னிரண்டு பேருக்கும் தொடக்க மூலதனம் கேட்டிருந்த அந்த விண்ணப்பத்தில், ஐந்து பேர் பொடி வேலைக்கு வருவதே இல்லை என்று அவர்களில் ஒருவரே சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மை.

யாருடைய கூடம்?

இரண்டாவது முயற்சியில் மிகுந்த நேரத்தை எடுத்துக்கொண்டது இந்த ஐந்து பேரைப் பற்றிய கேள்விதான். படிவங்களில் இதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை. ஆயினும் விண்ணப்பத்தின் உயிர்நிலை இதுவே.

குழுவின் சேமிப்பு பன்னிரண்டு பேருடையது. மாதம் 200 ரூபாய் வீதம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்தப் பணத்தின் பெரும்பகுதி, பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்குமாக உறுப்பினர்களிடையே உள்கடனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுய உதவிக் குழுவாக இம்மானியத்துக்கு விண்ணப்பிக்க, திட்ட மதிப்பில் 10 விழுக்காட்டையும், அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனத்தில் 20 விழுக்காட்டையும் ஈடுகட்டும் அளவுக்குக் குழுவிடம் சொந்த நிதி இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஏழு பேரின் இயந்திரத்துக்குப் பன்னிரண்டு பேரின் சேமிப்பு போக வேண்டும். வீட்டு வேலைக்குச் செல்லும் உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, “நாளைக்கு மெஷின் நின்னுபோச்சுன்னா என் துட்டுக்கு யாருக்கா பொறுப்பு?” என்று குழுவை வழிநடத்தும் ஊக்குநரைக் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் விண்ணப்பத்தின்போது யாரும் கேட்காமல் விட்ட கேள்வியும் அதுவே.

நான்கு கூட்டங்களுக்குப் பிறகு அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தார்கள். சொந்தப் பங்கான 64,000 ரூபாயைக் குழு தன் சேமிப்பிலிருந்து எடுக்கும். ஆனால் அது அந்த ஏழு பேருக்கும் குழு கொடுத்த உள்கடனாகப் பதியப்படும். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. ஏழு பேரும் ஒருவருக்கொருவர் பிணை. கூடத்தின் கணக்கு ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் பன்னிரண்டு பேர் முன்னிலையிலும் படிக்கப்படும். தீர்மானப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதி எல்லோரும் கையொப்பமிட்டனர். விண்ணப்பத்தோடு இணைத்த நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் இந்த ஒன்றரைப் பக்கத்தையே சிறந்த ஆவணமாகக் கருதுகிறேன். கிளை மேலாளரும் அதைத்தான் இருமுறை படித்தார்.

தொடக்க மூலதனத்திலும் அதே நேர்மையைக் கடைப்பிடித்தோம். ஏழு பேருக்கு 2,80,000 ரூபாய் கேட்கலாம் என்றபோது, அது திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதால் தலைக்கு 20,000 ரூபாய் வீதம் 1,40,000 ரூபாய் மட்டுமே கேட்டார்கள். மாசி, பங்குனியில் புது மிளகாய் சந்தைக்கு வந்து விலை இறங்கும் சமயத்தில் மொத்தமாக வாங்கி வைக்க எவ்வளவு தேவைப்படும் என்பதைக் கொண்டு போட்ட கணக்கு அது.

இடம்

சென்னையில் இத்தகைய விண்ணப்பங்கள் அதிகம் இடறி விழும் இடம், இடம்தான். முதல் விண்ணப்பத்தில் காட்டியிருந்தது உறுப்பினர் ஒருவரின் வீடு. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு. ஒதுக்கீட்டு ஆணை காலமான மாமியாரின் பெயரில் இருந்தது. குடியிருப்பதற்காக ஒதுக்கப்பட்ட வீட்டில் அரவை இயந்திரம் வைக்க ஒதுக்கீட்டு நிபந்தனை இடம் கொடுக்காது. அந்த முகவரியை எழுதியபோதே அந்த விண்ணப்பம் பாதி விழுந்துவிட்டது.

இரண்டாவது முறை, பக்கத்துத் தெருவில் 220 சதுர அடிக் கடை ஒன்றை மாதம் 6,000 ரூபாய் வாடகைக்குப் பார்த்தார்கள். உரிமையாளர் வழக்கம்போல் பதினொரு மாத ஒப்பந்தம் போதும் என்றார். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதைத் தவிர்க்கவே ஊரெங்கும் இந்தப் பதினொரு மாதப் பழக்கம். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியும் பழக்கம் முழுதாக மாறவில்லை. ஐந்து ஆண்டுக் கடன் கொடுக்கும் வங்கி பதினொரு மாதத் தாளை ஏற்காது என்பது புரியாமல் இல்லை. உரிமையாளரின் அச்சமும் புரிந்தது: மின் இணைப்பின் கட்டணப் பிரிவு மாறும், குடியிருப்பு அல்லாத பயன்பாட்டுக்கான சொத்து வரி விழும், காலி செய்யச் சொன்னால் போகமாட்டார்கள் என்று மூன்று கவலைகளைச் சொன்னார். குறுந்தொழிலுக்கும் குடிசைத் தொழிலுக்கும் மின்வாரியத்தில் மூன்று-ஏ-ஒன்று என்ற தனிப் பிரிவு இருப்பதையும், அதில் குழுவின் பெயரில் தனி மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் எடுத்துச் சொல்லி, வரி வேறுபாட்டைக் குழுவே ஏற்பதாக எழுதிக் கொடுத்த பிறகு, மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு இணங்கினார். அட்வான்ஸ் 30,000 ரூபாயையும் பதிவுச் செலவையும் திட்ட மதிப்பில் சேர்க்கவில்லை. அதை ஏழு பேரும் தனியே திரட்டினார்கள். இப்படிப்பட்ட செலவுகள் எந்தத் திட்ட அறிக்கையிலும் தென்படுவதில்லை. ஆனால் இவை இல்லாமல் எந்தக் கூடமும் திறப்பதில்லை.

ஆறு லட்சத்து நாற்பதாயிரம்

இரண்டாவது திட்ட மதிப்பு கிலோவிலிருந்து தொடங்கியது. மாதம் 160 கிலோ பொடி; மில்லில் கிலோவுக்கு 30 ரூபாய் அரவைக் கூலி; ஆக 4,800 ரூபாய். சொந்த இயந்திரம் வந்தால் மிச்சமாவது அவ்வளவே. அதை மட்டும் வைத்துத் தவணை கட்ட முடியாது என்பது முதல் நாளே தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் அக்கம்பக்கத்தாருக்குக் கூலிக்கு அரைத்துக் கொடுக்கலாம் என்ற யோசனை, குழுவிலேயே மூத்தவரிடமிருந்து வந்தது. ஒரு மாதம் தெருத்தெருவாக விசாரித்து, 250 கிலோ வரை வரும் என்று கண்டார்கள். அதில் 7,500 ரூபாய். இரண்டும் சேர்ந்து 12,300. மின்கட்டணத்துக்கும் பழுதுக்குமாக 2,500 ஒதுக்கினால் 9,800 ரூபாய் நிற்கும்.

அதன் பிறகே இயந்திரங்களுக்கு விலைப்புள்ளி வாங்கினோம். ஐந்து குதிரைத்திறன் அரவை இயந்திரம், வறுக்கும் இயந்திரம், பொட்டலம் ஒட்டும் கருவி, எடைத் தராசு எல்லாம் 3,84,000 ரூபாய். மின் வேலைக்கு 62,000. துருப்பிடிக்காத எஃகு மேசை, சல்லடை, அடுக்குகளுக்கு 50,000. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க இத்திட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் கூடத்தின் வாடகையை மூன்று ஆண்டுகள் வரை சேர்க்கலாம். வங்கி இரண்டு ஆண்டு வாடகையான 1,44,000 ரூபாயை ஏற்றது. மொத்தம் 6,40,000. மானியம் 2,24,000, சொந்தப் பங்கு 64,000, வங்கிக் கடன் 5,76,000.

இங்கேதான் அந்தக் கடைசியில் வரும் பணத்தின் கணக்கு. மானியம் வங்கிக்கு வந்தாலும் பயனாளியின் கையில் தரப்படுவதில்லை. அது அவர் பெயரில் தனிக் கணக்கில் வைக்கப்படும். அந்த அளவு கடனுக்கு வங்கி வட்டி போடாது. வங்கி கடனின் கடைசிப் பகுதியை விடுவித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் கழித்து, கடன் கணக்கு ஒழுங்காக இருந்து, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் அது கடனில் ஈடுசெய்யப்படும். மானியம் வரும் முன் தவணை ஏறத்தாழ 12,500 ரூபாய். வந்த பின் 7,650 ரூபாய். கையில் நிற்கும் 9,800 ரூபாயில் பின்னதைக் கட்டலாம். முன்னதைக் கட்ட முடியாது. மானியம் வந்து சேர எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. எனவே மாதம் 2,700 ரூபாய் பற்றாக்குறை என்று வைத்து, ஆறு மாதத்துக்கு 16,200 ரூபாயை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டையும் விண்ணப்பத்தில் எழுதினோம். பற்றாக்குறையை விண்ணப்பத்தில் தாமே எழுதுவதா என்று சிலர் தயங்கினார்கள். நேர்காணலில் மேலாளர் கேட்ட முதல் கேள்வி, “மானியம் வர்ற வரைக்கும் எப்படிம்மா கட்டுவீங்க?” என்பதுதான். பொருளாளர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

அனுபவச் சான்றைத் திரட்டுவது வேறு பாடு. உறுப்பினர்களுக்கு மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற விதிக்கு 2021-இல் காலமே போதவில்லை, 2023-இல் போதியது. ஆனால் மூலப்பொருள் ரசீதுகளை யாரும் பத்திரப்படுத்தவில்லை. மளிகை மண்டி ஒன்றின் கணக்கர் தன் நகல்களிலிருந்து தேடிக் கொடுத்தவையும், 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பதிவும், கைபேசிப் பணப் பரிமாற்றம் தெரியும் வங்கி அறிக்கையும் சேர்ந்து அந்தக் குறையை நிரப்பின.

இன்றைய நிலை

கடனின் கடைசிப் பகுதி 2023 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்டது. மானியம் அதற்குப் பின் ஐந்து மாதம் கழித்துக் கணக்கில் சேர்ந்தது. ஒதுக்கிய ஆறு மாதத் தொகையில் ஒரு மாதத்துக்கானது மிஞ்சியது. மாத விற்பனை இப்போது சராசரியாக 85,000 ரூபாய். திட்ட மதிப்பில் சேர்த்த இரண்டாண்டு வாடகை தீர்ந்து, 2025 பிப்ரவரி முதல் வாடகை வருமானத்திலிருந்து போகிறது. அதனால் கையில் நிற்பது குறைந்திருக்கிறது. உள்கடனில் பாதிக்கு மேல் குழுவுக்குத் திரும்பிவிட்டது. பொடி வேலைக்கு வராமலிருந்த ஐவரில் இருவர் இப்போது வருகிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்டவரும் அவர்களில் ஒருவர்.

நாங்கள் கவனிக்கத் தவறிய ஒன்றும் உண்டு. வாடகை ஒப்பந்தம் 2023 பிப்ரவரி முதல் மூன்று ஆண்டு. அதாவது 2026 ஜனவரியோடு முடிகிறது. மானியத்துக்கான மூன்று ஆண்டு 2026 ஆகஸ்டில்தான் நிறைவடைகிறது. இடையில் ஏழு மாதம். விண்ணப்பத்தில் ஒவ்வொரு ரூபாயும் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்த நான், இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டித்துத் தருமாறு உரிமையாளரிடம் குழு கேட்டிருக்கிறது. வாடகையை 7,500 ஆக்கினால் ஆகலாம் என்கிறார். இடம் மாறினால் தொழில் நடைபெறுவதாகவே கொள்ளப்படுமா, எந்தச் சான்று தர வேண்டும் என்று கேட்டு வங்கிக்கும் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கும் சென்ற வாரம் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரும் வரை 7,500 ரூபாய் வாடகையில் கணக்கு எப்படி நிற்கும் என்று ஊக்குநரும் பொருளாளரும் பழைய நோட்டின் பின்பக்கங்களில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.